மோட்டார் ரூமை உடைத்துவிட்டார்களா? செட்டிநாட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கல்லல் பக்கம் ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டு, போர் இறக்கி, நாலு தென்னை, பத்து மா, கொஞ்சம் காய்கறி என்று வைத்திருப்பவர்களுக்கெல்லாம் இந்தப் பிரச்சினை தெரியும். குடியிருப்பது டவுனில், தோட்டம் இருப்பது ஊர்க் கடைசியில். நடுவில் கண்மாய், கருவேலங்காடு, தைல மரக்காடு. காலையில் போய்ப் பார்த்தால் மோட்டார் ரூம் கதவு ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது, ஸ்டார்ட்டரைக் காணோம், கேபிளைக் காணோம், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் பாட்டில் உடைந்து கிடக்கிறது.

இதற்கு எல்லோரும் சொல்கிற மருந்து, இன்னும் பெரிய பூட்டு. என் கருத்து வேறு. தோட்டத்து ரூமுக்குப் பூட்டு தேவைதான், ஆனால் ஆளில்லாத இடத்தில் ராத்திரி முழுவதும் நேரம் கிடைக்கிற ஒருவனை எந்தப் பூட்டும் நிறுத்தாது. எடுக்க ஒன்றும் இல்லாதபடி, எடுத்தாலும் விற்க முடியாதபடி, விற்றாலும் மாட்டிக்கொள்ளும்படி செய்வதுதான் நிற்கும். அதற்கு என்னென்ன செய்வது, உடைத்தது தெரிந்த அன்றைக்கு முதலில் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தெரிந்த உடனே

கதவு உடைந்திருப்பதைப் பார்த்ததும் உள்ளே நுழையாதீர்கள். முதல் காரணம் கரண்ட். கேபிளை வெட்டிக்கொண்டு போயிருந்தால் மீதி முனை எங்கே தொங்குகிறது என்று தெரியாது. மும்முனை மின்சாரம் இல்லாத நேரம் பார்த்து வெட்டியிருப்பார்கள், நீங்கள் போகிற நேரத்தில் அது வந்திருக்கும். ஈரத்தரை, வெறுங்கால் என்றால் உயிருக்கே ஆபத்து. மெயினை இறக்க வழியில்லாமல் இருந்தால் லைன்மேனைக் கூப்பிடுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். இரண்டாவது காரணம், ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்த ரூமில் பாம்பு படுத்திருக்கலாம்.

அடுத்து போர் வாய். கேபிளுக்காகக் கேசிங் (போருக்குள் இறக்கிய வெளிக்குழாய்) மேல் இருக்கிற மூடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் போயிருப்பார்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை நாம் எல்லோரும் நாள்கணக்கில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகவே வேறு எதையும் பார்க்கும் முன்னால், கையில் கிடைத்த கனமான கல்லையோ இரும்புத் தகட்டையோ வைத்துப் போர் வாயை மூடுங்கள்.

அதுக்கப்புறம் போனை எடுங்கள். தூரத்திலிருந்து ரூம் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம், பிறகு கதவு, நாதாங்கி, பூட்டு, கூரை, வெட்டிய முனை என்று ஒவ்வொன்றாகக் கிட்டப் போய். செம்மண் நல்ல சாட்சி. முதல் நாள் லேசாகத் தூறியிருந்தால் பைக் டயர் தடம் அப்படியே பதிந்திருக்கும். யாரும் அதன்மேல் நடப்பதற்குள் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ செருப்போ வைத்து, அளவு தெரிகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய முனையையும் கவனியுங்கள். செம்புக் கம்பி ஒரே மட்டத்தில் பளபளவென்று இருந்தால் பெரிய கட்டர் கொண்டுவந்த, இதையே தொழிலாகச் செய்கிற ஆள். நசுங்கி, நார் நாராகப் பிரிந்து, ரப்பர் பல்லுப் பல்லாகக் கடிபட்டிருந்தால் அரிவாளாலோ சின்னப் பிளேயராலோ வெட்டியிருக்கிறான், பெரும்பாலும் பக்கத்து ஆள். போலீஸ்காரர் வந்தால் இதைச் சொல்லுங்கள், உதவும்.

சுற்றிலும் ஒரு நடை நடந்து பாருங்கள். கேபிளை அப்படியே யாரும் விற்பதில்லை, மேலே உள்ள ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் எரித்துவிட்டுச் செம்பை மட்டும்தான் கொண்டுபோவார்கள். கண்மாய்க் கரையிலோ கருவேல மறைவிலோ வட்டமாகக் கருகின இடம், அதில் கெட்டியான கறுப்புக் கசடு, இடையிடையே தலைமயிர் மாதிரி மெல்லிய செம்பு இழைகள் கிடந்தால் அது உங்கள் கேபிளாக இருக்கலாம். கிளறாமல் படம் எடுத்து, இடத்தை மேப்பில் குறித்து வையுங்கள்.

ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இப்படி நடந்தால் முதல் சந்தேகம் எப்போதும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள்மேல்தான் விழும். ஆதாரம் இல்லாமல் அவரிடம் ஒரு வார்த்தை விட்டுவிட்டால் அவர் அன்றைக்கே வேலையை விட்டுவிடுவார், அந்த இடத்தில் உங்களுக்காகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளும் போய்விடுவார். அவரைக் கூட நிறுத்திக்கொண்டு, கடைசியாக ரூமை எப்போது சரியாகப் பார்த்தார் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வந்தவன் யார் என்று பிரித்துப் பாருங்கள்

எல்லா உடைப்பும் ஒரே மாதிரி இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியமும் இல்லை.

கேபிள், ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், பித்தளை வால்வு மட்டும் போய், மண்வெட்டியும் உர மூட்டையும் அப்படியே இருந்தால் உலோகத்துக்காக வந்தவன். இவனுக்கு உங்கள்மேல் எந்தக் கோபமும் இல்லை. மறுபடி கேபிள் போட்டால் மறுபடி வருவான், புதுக் கேபிள் போட்டது அவனுக்குத் தெரியும்.

பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், சிகரெட் துண்டு, உடைந்த குழாய், பறித்துப் பாதி தின்று எறிந்த மாங்காய் என்றால் குடிக்க உட்கார்ந்தவர்கள். பொருள் அதிகம் போகாது, ஆனால் உடைந்த கண்ணாடி மண்ணுக்குள் புதைந்து களை எடுக்கிறவர் காலில் ஏறும், மாட்டின் காலில் ஏறும். என்னைக் கேட்டால் கேபிள் திருட்டைவிட இதுதான் மோசம்.

மூன்றாவது, எதையும் எடுக்காமல் சேதம் மட்டும் செய்திருப்பது. சொட்டுநீர்க் குழாயை வரிசையாக அறுத்திருப்பது, தொட்டியில் ஓட்டை, இளங்கன்றுகளை மட்டும் முறித்திருப்பது, போருக்குள் கல்லைப் போட்டிருப்பது. இது பகை. வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, தண்ணீர்த் தகராறு, பங்காளிப் பிரச்சினை என்று ஏதாவது பின்னால் இருக்கும். இதற்குப் பூட்டும் கேமராவும் பாதி வேலைதான் செய்யும். மீதியைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

புகார் எழுதுவது

சின்னத் திருட்டுதானே, அலைய வேண்டுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அதே ஆள் அதே கண்மாய்க் கரையில் வரிசையாகத் தோட்டம் தோட்டமாகப் போகிறான். அஞ்சு தோட்டத்தில் திருட்டு நடந்து ஒரு புகார்கூட இல்லையென்றால், காவல் நிலையக் கணக்கில் அங்கே திருட்டே நடக்கவில்லை. ரோந்து வண்டி எதற்கு அந்தப் பக்கம் வரும்?

எந்த நிலையம் என்பதில் நம் பக்கம் ஒரு குழப்பம் உண்டு. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் கிடக்கின்றன. வீடு பள்ளத்தூர் எல்லையில் இருக்கும், தோட்டம் வேறு நிலைய எல்லையில் இருக்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாவட்டமே மாறும். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 173ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மின்னணு வழியாகவும் தகவல் கொடுக்கலாம், ஆனால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது முதல் தகவல் அறிக்கையாகப் பதிவாகும். இருந்தாலும் நேரில் போவதே நல்லது என்பேன், முகம் தெரிந்தால் அடுத்த முறை போன் போட்டுப் பேசலாம்.

புகாரில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், முகவரி, தோட்டம் இருக்கும் ஊர், சர்வே எண், மின் இணைப்பு எண். கடைசியாகச் சரியாக இருந்ததைப் பார்த்த தேதி, உடைந்திருப்பதைப் பார்த்த தேதியும் நேரமும். போன பொருள் ஒவ்வொன்றும், கம்பெனி, குதிரைத்திறன், கேபிள் என்றால் எத்தனை மீட்டர், எத்தனை சதுர மில்லிமீட்டர், வாங்கிய விலை. எப்படி உள்ளே வந்தார்கள் என்பது. சேதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு.

தேதி விஷயம் இங்கே முக்கியம். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை. மோட்டார் போடுகிற வேலையே இருக்காது. தை பிறந்து தண்ணீர் பாய்ச்சப் போகும்போதுதான் கேபிள் போனதே தெரியும். அப்படியானால் ஒரு தேதியைக் குத்துமதிப்பாக எழுதாதீர்கள், "இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில்" என்று உள்ளதை எழுதுங்கள்.

இன்னொன்று, "காணவில்லை" என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். காணாமல் போவது வேறு, திருட்டு வேறு. பூட்டை உடைத்து, அல்லது கூரைத் தகட்டைப் பிரித்து உள்ளே வந்து திருடினார்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அந்த ஒரு வரியில் சட்டமே மாறுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டு 303ஆவது பிரிவு, மூன்று ஆண்டு வரை தண்டனை. அதிலும் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் தடவை, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவையோடு முடிந்துவிடும். ஆனால் பொருளைப் பாதுகாப்பாக வைக்கிற கட்டடத்தில் திருடினால் 305ஆவது பிரிவு, ஏழு ஆண்டு வரை. மோட்டார் ரூம் பொருள் வைக்கிற கட்டடம்தான். இரவில் உடைத்து நுழைந்து திருடினால் 331ஆவது பிரிவில் பதினாலு ஆண்டு வரை போகிறது. சேதத்துக்கு 324, பாசனத் தண்ணீர் குறைகிற மாதிரி சேதம் செய்தால் 326, அதற்கு ஐந்து ஆண்டு வரை. எந்தப் பிரிவு போடுவது என்று முடிவு செய்வது போலீஸ்தான், நீங்கள் பிரிவு எண்களை எழுதி வாதாட வேண்டாம். உடைத்த விதத்தையும் உண்மையான மதிப்பையும் பில்லோடு தெளிவாக எழுதினால் போதும்.

கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். அது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும், முதல் தகவல் அறிக்கை வேறு. அறிக்கை பதிவானால் நகல் இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

மின்வாரியத்துக்கும் எழுதிக் கொடுக்க வேண்டிய நேரம் உண்டு. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர், மீட்டர் இவற்றில் கை வைத்திருந்தால் உதவி மின் பொறியாளர் அலுவலகத்தில் புகார் நகலோடு மனு கொடுங்கள். நீங்களே ஆளை வைத்து முறுக்கிக் கட்டிவிடாதீர்கள். மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பது உங்கள் பொருள், உங்கள் செலவு.

பம்ப்செட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களில் விவசாய பம்ப்செட் பாலிசி உண்டு, தீ, இடி, திருட்டு, மோட்டார் எரிவது என்று சேர்த்து வரும். எடுக்கும்போதே கேபிளும் ஸ்டார்ட்டரும் அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். திருட்டுக்கு முதல் தகவல் அறிக்கை கேட்பார்கள், உடைத்த தடயம் கேட்பார்கள். ஆகவே இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் கதவைச் சரிசெய்யாதீர்கள்.

ரூமைத் திருத்துவது

பெரும்பாலான ரூம்களில் பூட்டு உடைவதில்லை, பூட்டைத் தாங்குகிற நாதாங்கி பெயர்கிறது. இரண்டு ஸ்க்ரூவில் தொங்குகிற நாதாங்கியில் எவ்வளவு நல்ல பூட்டைப் போட்டு என்ன? கடப்பாரையை உள்ளே விட்டு ஒரு நெம்பு, அவ்வளவுதான். இரும்புக் கதவாக இருந்தால் நாதாங்கியை வெல்டு வையுங்கள், மரக் கதவு என்றால் போல்ட்டைக் கதவைத் துளைத்து அந்தப் பக்கம் நட்டுப் போட்டு, நட்டு முனையை நசுக்கிவிடுங்கள். கீல் வெளிப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆணியைத் தட்டிவிட்டுக் கதவையே கழற்றிவிடலாம், ஆணித் தலையில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தால் தீர்ந்தது.

பூட்டுக்குத் திண்டுக்கல் பக்கம் போங்கள் என்பேன். 2019இல் நம் காரைக்குடி கண்டாங்கியோடு சேர்ந்து புவிசார் குறியீடு வாங்கியது திண்டுக்கல் பூட்டு. கனமான, வளையம் தடித்த பூட்டாக வாங்கி, அதன்மேல் ஒரு துண்டு இரும்புக் குழாயையோ வளைத்த தகட்டையோ கதவோடு வெல்டு வைத்து, கை நுழைந்து சாவி போட மட்டும் இடம் விட்டால், ஆக்ஸா பிளேடும் கட்டரும் வளையத்துக்குப் போகாது. வருஷத்துக்கு இரண்டு முறை எண்ணெய் விடுங்கள், மழைக்குத் துருப்பிடித்தால் கடைசியில் நீங்களே உடைக்க வேண்டி வரும்.

கூரையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட ரூமில், ஜே போல்ட்டின் நட்டு வெளியே மேலே இருக்கும். ஒரு ஸ்பேனர் இருந்தால் சத்தமே இல்லாமல் ஒரு தகட்டை நகர்த்தி உள்ளே இறங்கிவிடலாம், பூட்டு பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். புதிதாகக் கட்டுகிறவர்கள் மேலே சின்னதாகக் காங்கிரீட் போட்டுவிடுங்கள், ஆறுக்கு ஆறு ரூமுக்குப் பெரிய செலவில்லை. பழைய ரூம் என்றால் தகட்டுக்குக் கீழே இரும்புக் கம்பி வலை அடித்துச் சுவரில் பதியுங்கள். நம் பக்கம் செம்புராங்கல்லில் மண் வைத்துக் கட்டிய பழைய ரூம்கள் இருக்கின்றன, அதில் கல்லையே பெயர்த்து நுழைந்துவிடலாம். சிமெண்டு பூசிவிடுங்கள்.

கேபிள்

இதுதான் விஷயத்தின் நடுப்பகுதி, வந்தவன் இதற்காகத்தான் வருகிறான்.

போரிலிருந்து ரூமுக்கு வருகிற கேபிள் தரைமேல் கிடந்தால் அது அழைப்பு. ஒன்றரை இரண்டு அடி பள்ளம் எடுத்து, எச்.டி.பி.இ. குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். மேலே மண் போடும்போது நடுவில் செங்கல் வரிசை ஒன்று பரப்பினால், நாளைக்கு நீங்கள் மண்வெட்டி போடும்போதும் கேபிள் தப்பிக்கும். குழாயின் இரண்டு முனையையும் வெளியே நீட்டி வைக்காதீர்கள். ரூமுக்குள் தரை வழியாகவே ஏற வேண்டும், போர்ப் பக்கம் கேசிங்கைச் சுற்றிச் சின்னத் தொட்டி கட்டிக் காங்கிரீட் மூடி போட வேண்டும். மூடியை ரெண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கனத்துக்குப் போடுங்கள். கேசிங் வாயில் கிளாம்பும் மூடித் தகடும் வைத்து போல்ட் போட்டு, ஒரு போல்ட்டுக்கு மட்டும் லேசாகப் பொட்டு வெல்டிங். மோட்டாரைத் தூக்க வேண்டி வந்தால் கிரைண்டரில் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம்.

மீட்டரிலிருந்து ரூம் வரைக்கும் நீண்ட தூரம் இருந்தால், அந்தப் பகுதிக்குச் செம்பை விட்டு அலுமினியக் கேபிளுக்கு மாறலாம். பழைய இரும்புக் கடையில் அலுமினியத்துக்குச் செம்பின் விலை வராது, இவ்வளவு பள்ளம் தோண்டி அதை எடுக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆனால் அலுமினியம் செம்பைவிடக் குறைவாகத்தான் கரண்டைக் கடத்தும், அதனால் அளவைக் கூட்ட வேண்டும். 6 சதுர மி.மீ. செம்பு இருந்த இடத்தில் 10 சதுர மி.மீ. அலுமினியம் போட வேண்டும். செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் வெறுமனே முறுக்கிக் கட்டினால் அரித்துச் சூடாகும், அதற்கென்று இருக்கிற இணைப்பு லக்கு போடச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் "பரவாயில்லை சார், நிக்கும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டார்ட்டருக்கு வருவோம். இப்போது மொபைல் ஸ்டார்ட்டர் என்று சிம் போட்ட கருவி கிடைக்கிறது, வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். நமக்கு அதில் வேண்டியது வேறு. கரண்ட் போனாலும் ஒரு பேஸ் போனாலும் போனுக்குத் தகவல் அனுப்புகிற மாடலும் இருக்கிறது. உள்ளே பேட்டரி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் கரண்ட்டை நிறுத்தியதும் அதுவும் செத்துவிடும். ராத்திரி ஒரு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கரண்ட் இருக்கும்போது உங்களுக்கு மட்டும் "மின்சாரம் இல்லை" என்று வந்தால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. மானியம் உண்டா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

விற்க முடியாதபடி செய்வது

இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இது, செலவும் இல்லை. மோட்டார், ஸ்டார்ட்டர், ஸ்பிரேயர், களைவெட்டும் மிஷின் எல்லாவற்றின் பெயர்த் தகட்டையும் சீரியல் எண் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். பில்லையும் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். பிறகு பொருளின் மேலேயே, தகட்டில் இல்லாமல் உடம்பிலேயே, பஞ்ச் வைத்து உங்கள் பெயரின் முதலெழுத்தும் மின் இணைப்பு எண்ணின் கடைசி நாலு எண்ணும் அடியுங்கள். தகட்டைப் பிய்த்து எறியலாம், இரும்பில் அடித்ததைத் தேய்த்தால் தேய்த்த தடம் இருக்கும். போலீஸ் ஒரு மூட்டைப் பொருளைப் பிடித்துவிட்டு யாருடையது என்று தெரியாமல் நிற்கும்போது, இந்த அடையாளம்தான் உங்கள் பொருளை உங்களிடம் கொண்டுவரும்.

எரித்த செம்பில் அடையாளம் நிற்காது. அதற்குக் கடைக்காரர்களிடம்தான் போக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் பழைய இரும்புக் கடைகள் எத்தனை இருக்கப்போகிறது? நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து போய், மரியாதையாக, "அண்ணே, எங்க பக்கம் கேபிள் திருட்டு நடக்குது, கருகின செம்பு கொண்டுவந்தா ஆதார் நகலும் போன் நம்பரும் வாங்கி வச்சுக்குங்க, எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவில் அவருக்கும் மூன்று ஆண்டு வரை இருக்கிறது என்பது அவருக்கே தெரியும், நீங்கள் மிரட்ட வேண்டியதில்லை. நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள்தான் அதிகம், அவர்களுக்கும் போலீஸ் வாசலில் நிற்பது பிடிக்காது.

கேமரா, விளக்கு, நாய், வேலி

கேமராவை ரூம் மேல் வைக்காதீர்கள், முதலில் போவது அதுதான். சிம் போட்ட சோலார் கேமராவைப் பாதை தெரிகிற மாதிரி, கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு மரத்தில் வையுங்கள். வண்டி நம்பரும் முகமும் விழ வேண்டும், ரூம் கதவு அல்ல. பதிவு உள்ளே உள்ள கார்டில் மட்டும் இருந்தால் கேமராவோடு சேர்ந்து போய்விடும், கிளவுடில் ஏறுகிற மாதிரிப் பாருங்கள். வாங்கும் முன் தோட்டத்தில் எந்தக் கம்பெனி சிக்னல் வருகிறது என்று நின்று பாருங்கள், நம் பக்கம் பல இடத்தில் ஒன்றுதான் வரும். பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்து வேறு சண்டையை இழுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற சோலார் விளக்கு மலிவு, குடிக்க உட்காருகிறவர்களுக்கு நல்ல மருந்து, வெளிச்சத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நாட்டு நாய் நல்லது, ஆனால் அங்கேயே ஆள் தங்கினால்தான். தனியாகக் கட்டிப்போட்டால் விஷம் வைத்துவிடுவார்கள், அந்தப் பாவம் வேண்டாம். கின்னிக்கோழி நாலு இருந்தால் புது ஆள் வந்ததும் ஊரைக் கூட்டும்.

வேலிக்குக் கிளுவை, ரயில் கற்றாழை. வளர நாளாகும், வளர்ந்த பிறகு வண்டி நுழைய வழியிருக்காது. கேபிள் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு அரை மைல் நடக்க யாருக்கும் ஆசை இல்லை. பாதைக்குக் குறுக்கே ஒரு கல்தூண் நட்டுச் சங்கிலி போட்டாலும் இதே பலன்.

மின்வேலி மட்டும் வேண்டவே வேண்டாம். லைனிலிருந்து கம்பிக்குக் கரண்ட் கொடுப்பது மின்சாரத் திருட்டு, ஆள் செத்தால் கொலைக்குச் சமமான வழக்கு. சாவது திருடனாகவும் இருக்க மாட்டான். மாடு தேடி வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், விறகு பொறுக்க வந்த ஆத்தா, உங்கள் வீட்டுப் பிள்ளை என்று யாராகவும் இருக்கலாம். ஸ்டார்ட்டரில் கரண்ட் வைத்துவிட்டு வருவது, கதவில் வயர் சுற்றுவது, கத்தி மாதிரிப் பொறி வைப்பது எல்லாமே இதே கணக்குதான்.

சேதம் செய்கிறவர்களைச் சமாளிப்பது

குடிக்க வருகிறவர்களிடம் அந்த நேரத்தில் போய்ப் பேசாதீர்கள். காலையில் கண்ணாடியைப் பொறுக்கி, இடத்தை அன்றைக்கே சுத்தம் செய்யுங்கள். அழுக்காகக் கிடக்கிற இடத்தில்தான் அடுத்தவனும் உட்காருவான். உட்காருகிற திண்ணை, சாய்கிற சுவர், மறைவு தருகிற கருவேலம் எதுவோ அதை எடுத்துவிடுங்கள். பையன்கள் யாரென்று தெரிந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், போலீஸுக்குப் போவதைவிட இது நம் ஊர்களில் சீக்கிரம் வேலை செய்யும். ஊராட்சி அலுவலகத்தில் சொல்லிப் பாதைக்குத் தெருவிளக்கு கேளுங்கள், கிராம சபையில் மனுவாகவும் கொடுங்கள்.

பகையில் செய்கிற சேதத்துக்கு எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தேதி, படம், செலவு. சர்வேயரை வைத்து எல்லையை அளந்து கல் நட்டுவிட்டால் பாதித் தகராறு அங்கேயே முடியும். பெயர் சொல்லிப் புகார் கொடுப்பதற்கு முன்னால், பார்த்த சாட்சி இருக்கிறதா என்று யோசியுங்கள். சந்தேகம் மட்டும்தான் என்றால் சந்தேகம் என்றே எழுதுங்கள்.

பக்கத்துத் தோட்டங்களோடு சேருவது

திருட்டு நடந்த பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் கட்டாயம் இப்படிச் சொல்வார்: "நேத்து ராத்திரி உங்க தோட்டத்துப் பக்கம் வண்டி நின்னுச்சு தம்பி, நீங்கதான் ஆள் விட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்." அந்த ஒரு போன் அன்றைக்கே வந்திருந்தால் போதும். ஆகவே ஒரே பாதையில் இருக்கிற தோட்டக்காரர்கள், அங்கே ஆடு மாடு மேய்க்கிறவர்கள், டிராக்டர் ஓட்டுகிறவர் எல்லோரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வையுங்கள். அதில் குட்மார்னிங் படம் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவசரச் செய்தியை யாரும் பார்க்க மாட்டார்கள். ராத்திரி என்றால் மெசேஜ் வேண்டாம், நேரே போன்தான். நிலையத்து எண்ணையும் 100, 112 இரண்டையும் எல்லோரும் சேமித்து வையுங்கள்.

ஊரே காலியாகிற நாட்கள் எல்லோருக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழநிக்கு நடந்து போகிற நாட்கள், சிராவயல் மஞ்சுவிரட்டு, பங்குனி உத்திரம், பெரிய கல்யாணங்கள். அந்த நாட்களில் யார் ஊரில் இருக்கிறார்களோ அவர் எல்லாத் தோட்டத்தையும் சுற்றி ஒரு பார்வை பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு இங்கே தோட்டம் வைத்திருப்பவர்கள், பார்த்துக்கொள்கிறவரிடம் வாரம் ஒருமுறை போர் வாய், கதவு, கூரை மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மழைக்காலத்திலும்.

ஆள் கையில் கிடைத்தால்

ராத்திரி சத்தம் கேட்டால் தனியாகப் போகாதீர்கள். கேபிள் வெட்டுகிறவன் கையில் அரிவாளோ கட்டரோ இருக்கும். நாலு பேர் டார்ச்சோடு, சத்தம் போட்டுக்கொண்டு போங்கள், ஓடினால் ஓடட்டும். வண்டியைப் படம் எடுங்கள்.

கண்ணெதிரே திருடும்போது பிடித்துவிட்டால், அப்படிப் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆவது பிரிவின்படி ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, உடனே போன் போடுங்கள். மரத்தில் கட்டி அடிப்பது, வீடியோ எடுத்துப் பரப்புவது கூடாது. அடித்தால் வழக்கு உங்கள்மேல் திரும்பும், திருட்டு வழக்கும் கெட்டுப்போகும். ஒரு சுருள் கேபிளுக்காக ஒரு மனிதனை அடிப்பது எந்தக் கணக்கிலும் சரியில்லை.

பொருள் கிடைத்துவிட்டால் அது நேரே உங்கள் கைக்கு வராது, நீதிமன்றம் போகும். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, பில், சீரியல் எண் படம், பஞ்ச் அடையாளம் இவற்றோடு மனு போட்டால் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு இடைக்காலமாகத் தருவார்கள். தாலுகா அளவில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, தகுதி இருந்தால் வக்கீல் செலவும் ஆகாது. வாங்கிய மோட்டாரைப் போருக்குள் இறக்கும் முன் மெக்கானிக்கிடம் கொடுத்து வைண்டிங்கைச் சோதித்துக்கொள்ளுங்கள், மாதக்கணக்கில் நிலையத்து வெளியில் மழையில் கிடந்திருக்கும்.